ஒரே தாளில் இரண்டு தொடர்கதை

காவலூர் மலையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு வாரப் பத்திரிகை வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வரும். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்து ஒரே பிரதி. ஒரு வாரம் அவள் முதலில் படிப்பாள், மறு வாரம் நான். என் கணவருக்கு நட்சத்திரம் பார்க்கிற பெரிய தொலைநோக்கியில் ராத்திரி வேலை. அவள் கணவருக்கு அதே இடத்தில் ஸ்டோர்ஸில் பகல் வேலை. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் என் வயிற்றெரிச்சலில் பாதியைச் சொன்ன மாதிரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. படவேட்டுப் பக்கம் கரும்புக்கு நடுவில் வளர்ந்தவள் நான். குளிர் என்றால் விடியற்காலையில் தலையில் துண்டு சுற்றிக்கொள்கிற அளவுக்குத்தான் தெரியும். மலைமேல் மார்கழி வேறு. தேங்காய் எண்ணெய் வெயில் ஏறும்வரை பாட்டிலைவிட்டு இறங்காது. பொழுது சாய்ந்தால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட வேண்டும். மழை ஓய்ந்து வானம் தெளிகிறதும் அந்த மாதங்களில்தான். தெளிந்தால் அவருக்கு வேலை. மூடியிருந்தாலும், எப்போது விலகும் என்று அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். சாயங்காலம் இரண்டு ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டிக்கொண்டு புறப்பட்டால் விடிந்துதான் வருவார். வந்ததும் ஐஸ்கட்டி மாதிரி இருக்கிற காலை என் கம்பளிக்குள் நுழைப்பார். அதுதான் எங்கள் குளிர்காலக் காதல்.

வெயில் காலத்தில் எனக்குக் கொலைக் கதை போதும். துப்பறிகிறவன் ஓடட்டும், நான் விசிறிக்கொண்டே படிப்பேன். குளிரில் அது சரிப்படாது. கம்பளிக்குள் காலை மடக்கிக்கொண்டு, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி படிக்க, யாரும் சாகாத கதை வேண்டும். எத்தனை சண்டை போட்டாலும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டும். சேர்வார்கள் என்று தெரிந்துகொண்டே கவலைப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

அந்த வருடம் வந்த தொடர் அப்படிப்பட்டது. தேயிலைத் தோட்டத்துப் பங்களா, எப்போதும் மழை. கதாநாயகி தும்மினால் போதும், கதாநாயகன் சால்வையோடு வந்து நிற்பான். கணப்பில் கட்டை எரிய, இரண்டு பேரும் ஒரே கோப்பையில் காபி குடிப்பார்கள். அவளும் மலையில்தான் இருந்தாள், நானும் மலையில்தான் இருந்தேன். நான் தும்மினால் சுவருக்குத்தான் கேட்டது. அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. காகிதத்தில் இருக்கிறவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். உயிரோடு ஒருத்தி பக்கத்து வீட்டிலேயே இருந்தாளே.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். எனக்குக் கல்யாணம் முன்னால் ஆகிவிட்டதாம், அதனால் என்னை அக்கா என்பாள். அவள் முறை வருகிற வாரங்களில், அவள் சமைக்க, அவள் கணவர் அடுப்பருகில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்கப் படித்துக் காட்டுவார். எங்களுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கதாநாயகன் பேசுகிற இடத்தில் குரலைத் தாழ்த்துவார். அவள் சிரிப்பாள். நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நிற்பேன். மறுநாள் பத்திரிகை என் கைக்கு வரும்போது கதை முழுவதும் தெரிந்திருக்கும், காதல் ஆறிப்போயிருக்கும்.

படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து ஆளுக்கொரு கட்டாகச் சேர்த்துவைப்போம். ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவ வேண்டும். பங்களாத் தொடர் எனக்கு, கூட்டுக் குடும்பத்து மருமகள் தொடர் அவளுக்கு. முடிந்ததும் வாணியம்பாடியில் கொடுத்து பைண்டு செய்துவிட்டால் அது புத்தகம். கடையில் வாங்கின புத்தகத்தைவிட அதற்குத்தான் எங்கள் வரிசையில் மதிப்பு. இரண்டு தொடரும் பத்திரிகையின் இரண்டு கோடியில் வந்ததால் எங்களுக்குள் தகராறே வரவில்லை.

தை மாதம் இரண்டும் ஒரே இதழில் முடிந்தன. பத்திரிகைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, அடுத்தடுத்துப் போட்டுவிட்டார்கள். என் ஜோடி ஒன்று சேர்கிற கடைசிப் பக்கத்தின் பின்னால் அவளுடைய மருமகளின் கடைசி அத்தியாயம் ஆரம்பிக்கிறது. ஒரே தாள். தாளை இரண்டாக உரிக்கவா முடியும்?

விடுவதில்லை என்று நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சண்டைக்கே வரவில்லை.

"நீங்களே வெச்சிக்குங்க அக்கா. என் பக்கத்த அவுரு எழுதித் தர்றேன்னுட்டாரு."

மறுநாளே கொண்டுவந்து காட்டினாள். கோணாத வரிகள், அச்சில் இருந்த அதே அளவுக்கு ஓரம். தலைப்புப் படத்தைக்கூட விடவில்லை, வரைந்திருந்தார். படத்தில் இருந்த மருமகளுக்கு இவள் மூக்கு. மூக்குத்தியும் இவளுடையதே. "வேணாம்னா கேக்க மாட்டாருக்கா," என்று அலுத்துக்கொண்டாள். அலுப்பா அது! என் கையில் இருந்த அச்சுத்தாள் கடலை மடித்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

"இந்த அச்ச நீயே வெச்சிக்கோ," என்றேன். "என் பக்கத்த எங்க வூட்டுக்காரரு எழுதித் தருவாரு."

"அண்ணனா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் எழுதியாக வேண்டும் என்றாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் கையால் எழுதினது, அச்சடித்தது இரண்டும் இனி அவளுக்கே போகும். ஆத்திரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் எங்கள் இரண்டு பேர் கட்டையும் பைண்டுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரே ஒரு பக்கம்.

மதியம் அவர் எழுந்ததும் டீயோடு, பார்த்து எழுத அச்சுத்தாளையும் வெள்ளைத்தாளையும் பேனாவையும் வைத்தேன்.

"இன்னாது இது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அதான் அச்சுலயே கீதே?"

மறுநாள் கண் எரிகிறது என்றார். அதற்கடுத்த நாள் வெள்ளைத்தாள்மேல் டீ டம்ளரை வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

சனிக்கிழமை புறப்படுகிற நேரத்தில், ஸ்வெட்டருக்குள் தலையை விட்டபடியே, "எழுதிட்டேன், பாத்துக்க," என்றார். ஓடிப்போய் எடுத்தேன். 'மழை பெய்தது. இருவரும் சேர்ந்தார்கள். முற்றும்.' அவ்வளவுதான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பக்கத்து வூட்ல படத்தோட எழுதிக் குடுத்துகீறாரு. நான் கேட்டது ஒரு பக்கந்தானேங்க? அவன் சால்வ போத்தறது, கைய புடிச்சி உக்கார வெக்கறது, விடியறவரைக்கும் பேசினே இருக்கறது, ஒண்ணையும் காணோமே?"

அவர் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நானும் மொத வாரத்துலேர்ந்து பாக்கறேன்," என்றார். "அவனுக்கு எப்பப் பாரு மழ. மானம் மூடிக்குது, வூட்லயே கீறான். ராத்திரி வேலையும் இல்ல, பகல் வேலையும் இல்ல. அப்பிடி இருந்தா நான் போத்த மாட்டனா? எனுக்கு அவன கண்டாலே புடிக்கல. அவன் பண்றத என் கையால வேற எழுதணுமா?"

சொல்லிவிட்டுக் குல்லாயை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே ஒரு பொட்டு மேகம் இல்லை.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதாநாயகிமேல் நான் பொறாமைப்பட்ட அத்தனை வாரமும், அதே வீட்டில் ஒருவர் கதாநாயகன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். பகலில் தூங்குகிறார் என்று நான் சத்தம் போடாமல் நடந்த நேரத்தில், என் தொடர்கதைக் கட்டை எடுத்துப் படித்து அந்த ஆளைத் திட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாமல் அந்த மூன்று வாக்கியத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள்.

"கட்ட குடுங்கக்கா, அவுரு பஸ்ஸுக்குப் பொறப்படறாரு."

சொன்னபடி அச்சுத்தாளைக் கொடுத்தேன். கட்டைக் கொடுக்கவில்லை. என் புத்தகத்தை நானே தைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அண்ணன் எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரே."

"நெசமாவா? காட்டுங்களேன், எப்பிடி எழுதிகீறாருன்னு பாக்கறேன்."

எட்டி உள்ளே பார்த்தாள். அவள் முகத்தில் அந்தத் தவிப்பை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். உள்ளே அவர் என் கம்பளியையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"அவுரு எனுக்கு எழுதனது. உனுக்கு எதுக்குக் காட்டணும்?"