சுவரில் இரண்டு தட்டு

2009 ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் முறை அன்று. விடியுமுன் எழுந்து டிரம்களை நிரப்பினேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், பள்ளிக்குப் போய் வழக்கம்போல் வேதியியல் பாடம் நடத்தினேன், மாலை ஐந்தேகாலுக்கு வீடு திரும்பினேன். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போனால் எனக்கு வருத்தமில்லை.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் மைத்துனன் துபாயிலிருந்து ஒரு கார்டுலெஸ் போன் கொண்டுவந்திருந்தான். புளூடூத் உள்ள செல்போன் பக்கத்தில் வந்தால் ஒயர் இல்லாமலே இரண்டும் சேர்ந்துகொள்ளும். செல்லுக்கு வரும் அழைப்பை வீட்டு போனிலேயே எடுத்துப் பேசலாம். என் செல்லில் புளூடூத் கிடையாது. சோதித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் செல்வத்தின் செல்லைக் கேட்டு வாங்கினேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன் அவன். சோதனை முடிந்ததும் அவன் பெயரை வீட்டு போனிலிருந்து நீக்க மறந்துவிட்டேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதனால் செல்வம் வேலை முடிந்து வாசலை நெருங்கினாலே எங்கள் போன் ஒருமுறை 'டிங்' என்று ஒலித்து, அவன் பெயரைக் காட்டும். நான் சுவரை இரண்டு முறை தட்டுவேன். அந்தப் பக்கம் அவன் மனைவி ஸ்டெல்லா குளிக்க வெந்நீர் போடுவாள். நாளடைவில் இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

"நான் வாரது எம்பொண்டாட்டிக்கு முன்னாடி உங்களுக்குல்ல சார் தெரியுது. ஒளிஞ்சு மறைஞ்சு ஒரு சினிமாவுக்குப் போக முடியுதா?" என்று செல்வம் சிரிப்பான்.

அன்று நான் செருப்பைக் கழற்றும்போதே ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"காலையில வரவேண்டிய ஆளு சார். போன் சுவிட்ச் ஆஃப்னே வருது. லாரி ஆபீஸ்லயும் தெரியலங்கிறாங்க. நானே ஒரு எட்டு ஒட்டன்சத்திரம் போய்ப் பாத்துட்டு வந்துரட்டா?"

"செத்த நேரம் பொறும்மா, வந்துருவான்" என்றேன். மனம் கேட்காமல் அவள் சேலை மாற்றத் தன் வீட்டுக்குள் போனாள்.

நான் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். டிங். போய்ப் பார்த்தேன், செல்வம் பெயர் இருந்தது. நம்பினால் நம்புங்கள், அப்போது எனக்கு நிம்மதியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் சுவரை இரண்டு முறை தட்டினேன்.

"கேட்டுருச்சு சார்!" என்றாள் ஸ்டெல்லா. அழுகையும் சிரிப்புமான குரல். உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டதும் சுவர் வழியே கேட்டது. "வந்துட்டாரும்மா. ஆமா, சார் தட்டிட்டாரு." பிறகு பாத்திரச் சத்தம், வெங்காயம் வதங்கும் வாசனை.

அரை மணி ஆகியும் தெருவில் யாரும் இல்லை. "டீக்கடையில உக்காந்து கதையளந்துட்டு இருப்பாரு" என்றாள் என் மனைவி.

ஏழு மணி வாக்கில் லாரி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விடியற்காலையில் குமுளி மலைப்பாதையில் லாரி உருண்டிருக்கிறது. பள்ளத்தில் கிடந்ததை மத்தியானம்தான் பார்த்திருக்கிறார்கள். செல்வம் எப்போதோ இறந்திருந்தான். சட்டைப்பையில் இருந்த செல் தூள்தூளாகக் கிடைத்ததாம்.

ஸ்டெல்லா தலை வாரி, பவுடர் போட்டு நின்றிருந்தாள்.

"இல்லண்ணே, அவரு வந்துட்டாரு. சார் தட்டுனாருல்ல?" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"மெஷின் தப்பும்மா" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் நின்று நான் மெஷினைப் பற்றிப் பேசினேன். அதற்குப் பிறகு என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. என் தட்டலை நம்பி அவள் ஒன்றரை மணி நேரம் ஒரு செத்த மனிதனுக்குச் சோறு வடித்திருக்கிறாள். இப்போதும் மாதா கோயிலில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி எனக்கு வழிவிடுகிறாள். ஏன் தட்டினீர்கள் என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அவர்களே வேன் வைத்து அவளைக் கூட்டிப்போனார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் கொடுத்தார்கள். என் மனைவி அதை ஆணியில் மாட்டினாள். திரும்பிப் பார்த்தால் போனில் செல்வம் பெயர் அப்படியே இருந்தது. அவன் வீட்டில் இருக்கிற நேரம் மட்டுமே அது அப்படி நிற்கும். தெருமுனை தாண்டிவிட்டால் மறைந்துவிடும்.

"அத அணைச்சுத் தொலைங்க" என்றாள் மனைவி. நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது காரணம் கிடைக்குமா என்று யோசித்தேனே தவிர, அணைக்கக் கை போகவில்லை.

மறுநாள் காலை, முகம் கழுவுவதற்கும் முன்னால், முதல் வேலையாகப் போனின் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் பெயர் அணைந்தது. வீட்டுக்கு வந்தவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது போல எனக்குக் கூசியது. பிளக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அந்தப் பக்கமிருந்து, நான் வழக்கமாகத் தட்டும் அதே இடத்தில், சுவரை யாரோ இரண்டு முறை தட்டினார்கள். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.