மறுபடியும் கண்டுபிடிங்க, சேர்!

போன கிழமை என்னை டீவியில் பார்த்தீர்களா? பார்க்காதவர்கள் புண்ணியவான்கள்!

நான் பழங்காலத்தைத் தேடி மண் தோண்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயம் இடிந்துபோன இடத்தைத் தோண்டுகிறோம். மாதக்கணக்கில் கிடைத்ததெல்லாம் உடைந்த சட்டியும் துருப்பிடித்த ஆணியும்தான். பிறகு ஒருநாள்... சின்னதாய் ஒரு தகர வில்லை. துளை போட்டு நம்பர் அடித்தது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் கழுத்தில் கட்டிவிட்டது.

எங்களோடு மண் சலிக்கிற ராஜேஸ்வரி அக்கா அதே தோட்டத்தில் பிறந்தவர். வில்லையைக் கையில் வாங்கி, "நம்ம ஆளுங்க கழுத்துல கெடந்ததா சேர்?" என்றார். அன்று முழுக்கச் சல்லடையை விட்டுவிட்டு அதை வந்து வந்து பார்த்துப் போனார்.

செய்தி கேட்டு கொழும்பிலிருந்து டீவிக்காரர்கள் வந்தார்கள். எனக்கா... தலைகால் புரியவில்லை! ஹட்டனுக்குப் போய்ப் புது பூட்ஸ் வாங்கினேன். தொப்பியும் பிரஷும் அவர்களே கொண்டுவந்தார்கள். மண்வெட்டி பிடித்து இடுப்பொடிகிறவனை டீவியில் யார் பார்ப்பார்கள்?

"சேர், அதை மறுபடி புதைச்சிட்டு, இப்பதான் கண்டுபிடிக்கிற மாதிரி எடுங்க" என்றார் டைரக்டர்.

அளந்து, படமெடுத்து, பத்திரப்படுத்திய பொருள். முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? சந்தோஷமாகப் புதைத்தேன். "கொஞ்சம் இடப்பக்கம் நடங்க... திரும்பி வாங்க..." நடந்தேன், வந்தேன். அதற்குள் மழை கொட்டியது. விட்டதும் வந்து, தொப்பியைச் சரிசெய்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, பிரஷால் தடவினால் — காணோம்!

பிரஷை வீசினேன். தொப்பி எங்கே விழுந்ததோ. மண்டியிட்டுச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிசைந்தேன். அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? நிஜமாகவே அழுதுவிட்டேன். அவரும் பக்கத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"சேர்... உங்க கால கொஞ்சம் தூக்குங்க."

புது பூட்ஸின் அடியில், சேற்றோடு அப்பியிருந்தது வில்லை. அக்கா அதைத் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டார். "இவங்க போற வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நிகழ்ச்சி வந்தது. அந்தச் சேற்றுக் காட்சியை மட்டும் வெட்டாமல், சோகமான மியூசிக் வேறு போட்டு ஒளிபரப்பினார்கள். பார்த்து முடித்த என் மனைவி சொன்னாள்:

"மத்ததெல்லாம் சகிக்கல. அந்த அழுற சீன்ல மட்டும் என்னமா நடிச்சிருக்கீங்க!"