கையுறைகள் இருந்தன

மின்சாரப் பொறியாளர் வேலை எனக்கு ஒத்துவருமா என்று யாராவது வந்து கேட்டால், கணக்கு வருமா, வரைபடம் பிடிக்குமா என்று இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுகிறேன். எனக்கு அது எப்படி முடிவானது என்று சொல்வதில்லை. சொன்னால் காறித் துப்புவார்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற, காலியான நாற்காலிகளுக்கு எங்களைப் போன்றவர்களைத் தேடினார்கள். கோலாலம்பூரில் படித்துவிட்டு மலாக்கா மின்சார இலாகாவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். முதல் ஓராண்டு பரீட்சார்த்தம். ஆண்டு முடிவில் என்னை வைத்துக்கொள்வதா என்று பெரிய துரை எழுத வேண்டும். இருப்பதா, போவதா என்று நானும் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளூர வாத்தியார் வேலைமேல்தான் ஆசை. மனுகூட எழுதி வைத்திருந்தேன். அப்பாவுக்கோ, நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் நான் இலாகா ஜீப்பிலிருந்து இறங்குவதைத் தெருவே பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இலாகாவின் லைன்மேன் ஒருவர் இருந்தார். கம்பம் ஏறிக் கம்பி கட்டுகிறவர். தெருவில் என்னைத் தம்பி என்பார், வேலையிடத்தில் ஐயா என்பார். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

பதினோராவது மாதம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆட்கள் குறடு, திருப்புளி, இருந்த மூன்று ஜோடி ரப்பர் கையுறை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்டோரில் வாழையிலைமேல் அடுக்கினார்கள். தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி ஒருவரும் பக்கத்தில் நின்று மலாயில் வேண்டிக்கொண்டார். படித்தவர் என்று என்னைச் சூடம் காட்டச் சொன்னார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, காட்டினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

மாலை நாலு மணிக்கு, மழை விட்ட கையோடு, கடலோரக் கிளேபாங்கிலிருந்து போன் வந்தது. தென்னை மட்டை விழுந்து கம்பி தொங்குகிறதாம். அந்தப் பக்கம் முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அங்கே கடற்கரை பங்களா ஒன்றில் அன்று ஒரு பெரிய அதிகாரிக்கு விருந்து. அடுத்த மாதம் என் தலையெழுத்தை எழுதப்போகிற துரையும் அங்கேதான் இருந்தார். அந்த விளக்குகளை அணைக்க எனக்குத் துணிவில்லை. இலையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுங்கள் என்று சொல்லவும் துணிவில்லை. நாலெழுத்துப் படித்ததும் சாமி கண்ணுக்குத் தெரியவில்லை என்பார்கள். லைன்மேன் கையுறைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஜாக்கிரதையாகச் செய்துகொள்கிறேன் ஐயா என்று சொல்லி, லாரியில் கிடந்த பழைய குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்கெல்லாம் அவர் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வார் இருந்ததால் உயிர் தப்பியது. கருகிய வலது கையை முழங்கைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

விபத்து அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது இரண்டே வாக்கியம். கையுறைகள் ஸ்டோரில் இருந்தன. தொழிலாளர் அவற்றை அணியவில்லை. இரண்டும் சத்தியம். பூஜையைப் பற்றியோ விருந்தைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது, என்னைப் பற்றியும் கிடையாது. கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அந்த மீன் நான்தான். துரை படித்துவிட்டு, குழப்பமில்லாமல் எழுதியிருக்கிறாய், பொறியாளன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். சொந்தக் கவனக்குறைவு என்று கோப்பை மூடினார்கள். லைன்மேனுக்கு நஷ்டஈடு இல்லை, வேலையும் இல்லை. அந்த விவரம் அவருக்குப் போவதற்கு முன்பே நான் நிரந்தரமாகிவிட்டேன். வாத்தியார் வேலை மனுவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது விலகினால் ஏன் என்று யாராவது கேட்பார்களே என்ற பயம்.

நிரந்தரமான மறுவாரம், அவருக்கு அந்த விவரம் எட்டும் முன், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். லைன்மேன் என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"தம்பி, கையுறை பூஜையில இருந்துச்சு, சூடம் காட்டுனது நீங்கதான்னு எழுதிட்டீங்கல்ல? அது தெரிஞ்சா என் மேல தப்பில்லன்னு புரிஞ்சிக்குவாங்க."

எழுதிவிட்டேன் என்றேன்.

இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம்ம ஆள் ஒருத்தர் மேலே இருந்தால்தான் நமக்கு நியாயம் கிடைக்கும் என்று மனைவியிடம் சொன்னார். நான் நிரந்தரமான சேதி அந்த அம்மாளுக்குத் தெருவிலேயே எட்டியிருந்தது. நல்ல சேதிக்கு வெறும் வாயோடு போகக் கூடாது என்று, கணவருக்காகக் கொண்டுவந்திருந்த கோப்பியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார். முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.