நசரத்பேட்டை இருமொழிப் பள்ளியும் கை கழுவும் குழாயும்

போன சனிக்கிழமை, என் தங்கை ஜெனியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நசரத்பேட்டை இருமொழிப் பள்ளிக்குப் போய் வந்தோம். ஐந்தாவது வரை நானும் அங்கே படித்தவன்தான். அதைப் பள்ளி மறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வழிகாட்டியாகப் போனேன். பிள்ளைகளை அங்கே சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் பேருந்து. பூந்தமல்லி பதின்மூன்று கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அம்மாவுக்கும் ஜெனிக்கும் இலவசம். எனக்குப் பதினைந்து ரூபாய். ஆணாகப் பிறந்ததற்கு அபராதம்.

பள்ளியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டீச்சரும் அவர் கணவரும் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் தொடங்கியது. இருந்தது ஒரே அறை. காலையில் டீச்சர் எல்லாப் பாடத்தையும் தமிழில் நடத்துவார். மதியம் அதையே சார் இங்கிலீஷில் நடத்துவார். நடுவில் சாப்பாடு. சாப்பிட்டு வாசல் குழாயில் கை கழுவும்வரை தமிழ், கழுவியபின் இங்கிலீஷ் என்பது சட்டம். "ஊட்டு பாஷையில புரிஞ்சாதான்டா வெளிய போய் வாய் தொறக்கும்" என்பார் டீச்சர். பள்ளியின் நோக்கம் அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்த கொரியாக்காரர்களின் பிள்ளைகள் சேர்ந்தபோதும் இதே சட்டம்தான். என் பெஞ்சுக் கொரியன் காலையில் "இன்னா மாமே" என்பான், கை கழுவியதும் "குட் ஆஃப்டர்நூன்" என்பான். முதலாவதைக் கற்றுக்கொடுத்தது யாரென்று சார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நானோ கை கழுவாமலே ஓடி, மதியம் முழுக்கத் தமிழிலேயே தப்பித்திருக்கிறேன்.

ஜெனி என்னைப்போல் இல்லை. நான் சொன்ன அந்தச் சட்டப்படி, ஒரு வருடமாக வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் இங்கிலீஷில்தான் பேசுகிறாள். வெளிநாட்டுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் திட்டம் அந்தப் பள்ளியில் வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை. அம்மா வேலை செய்வது துணிக் கம்பெனியில். "நான் காலர் வெச்ச சட்டையெல்லாம் ஃபாரின் போவுது, எம்பொண்ணு போவக் கூடாதா?" என்பாள்.

பூந்தமல்லியிலிருந்து நாலு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய்.

"கண்ணாடி ஸ்கூலாக்கா? பெரிய எடமாச்சே!" என்றார் ஓட்டுநர்.

"எம்புள்ள படிச்ச ஸ்கூலுதான் நைனா."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இவனா?"

கொட்டகை இல்லை. நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம், வாசலில் ஏழெட்டு நாட்டுக் கொடிகள். இருமொழி என்றால் இப்போது இங்கிலீஷும் பிரெஞ்சும். தமிழுக்கு ஒரு பீரியட். டீச்சரும் சாரும் வரவேற்பறையில் படமாக இருக்கிறார்கள், மாலையோடு. அவர்கள் இறந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஒரு நிமிடம் எனக்கே கிண்டல் வரவில்லை.

நேர்காணல் கிடையாது, சும்மா பேசிப் பார்ப்பார்களாம். மேடம் ஒருவர் இங்கிலீஷில் பெயர் கேட்டார். ஜெனி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"நான் இன்னும் கை கழுவலயே மிஸ்."

மேடம் புன்னகையோடு சானிடைசரை நீட்டினார். ஜெனி அதைத் தொடவில்லை.

"சும்மா சொல்லுடி" என்றேன்.

"நீதானண்ணா சொன்ன, கழுவாம இங்கிலீஷ் பேசக் கூடாதுன்னு. கொழா எங்க?"

ஜன்னல் வழியே பார்த்தேன். குழாய் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. மேடத்திடம் பழைய சட்டத்தை விளக்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவரிடம் முழு உண்மை பேசினேன்; கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பாப்பாக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரட்டும்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அம்மாவிடம் தமிழில் சொன்னார். அடுத்த பிள்ளை உள்ளே வந்தது.

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் அம்மா கொய்யாப்பழம் வாங்கினாள். தின்று முடித்த ஜெனி, பாட்டில் தண்ணீரில் கை கழுவினாள். பாவாடையில் துடைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"மை நேம் இஸ் ஜெனிஃபர். ஐ ஆம் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட். ஐ லைக் திஸ் ஸ்கூல்."

"கேட்டுச்சிடா கண்ணு" என்ற அம்மா, பேருந்து வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பேருந்தே வராது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிறப்புச் சான்றிதழ், இரண்டு புகைப்படம் போதும். ஒருவருக்குப் போகவர எழுபது ரூபாய் ஆகும். பிள்ளைக்கு வீட்டிலேயே கை கழுவிவிட்டுக் கூட்டிப்போங்கள். அங்கே இப்போது அந்தக் குழாய் இல்லை.