கந்தையா அண்ணையின் ரத்தம்

ஆய்வுகூடத்தில் ரத்தம் எடுக்கிற எங்களைக் கண்டு சந்தோசமாகக் கை நீட்டியவர் குறைவு; இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த நாட்களில் நடந்தவை இவை.

மூன்றாம் தரம்

கந்தையா அண்ணை கோப்பாயில் தோட்டம் செய்கிறவர். கழுத்திலும் கக்கத்திலும் நெறி கட்டி, தோலெல்லாம் தடிப்புகளோடு வந்தார். அன்று கரண்ட் இல்லை. நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களான வெண்குழியங்களின் கரு உருண்டையாக இல்லாமல், இதழ் இதழாகப் பிரிந்து பூப்போலக் கிடந்தது. சாயம் பிழைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் ரத்தம் எடுத்தேன். அதே பூ. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அவர் சட்டைக் கையை மடித்தபடி கேட்டார்: "என்ரை ரத்தம் உமக்கு அவ்வளவு பிடிச்சிட்டுதோ, பிள்ளை?"

அம்மா தந்தது

டொக்டர் அந்தப் பூவை நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தார். அதுவரை பாடப்புத்தகப் படத்தில் மட்டும் கண்டதாம். வைரசு என்றால் காய்ச்சலைத் தந்து ஒரு கிழமையில் போய்விடும் என்றிருந்த எனக்கு, அவர் சொன்னது புதிது. எச்.ரி.எல்.வி. என்ற வைரசு, ரி குழியங்கள் என்ற ஒருவகை வெண்குழியங்களுக்குள் நாற்பது, ஐம்பது வருடம் சத்தமில்லாமல் இருக்குமாம். பெரும்பாலானோரை ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் இப்படி நிணநீர்ப் புற்றுநோயாகும்.

பெரும்பாலும் தாய்ப்பாலில்தான் தொற்றும் என்று அண்ணையிடமும் சொன்னார். நோயைக் குணமாக்குவது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணை உடனே சொன்னார்: "அம்மா பசிக்குத் தந்தவ, டொக்டர். அதிலை பிழை பிடியாதேங்கோ."

கொழும்பு ரயில்

அண்ணையின் மகள் மலருக்குக் கைக்குழந்தை. அண்ணையிடமிருந்து மனைவிக்கும், மனைவியின் பாலில் மலருக்கும் தொற்றியிருந்தால்? இங்கே அதற்குப் பரிசோதனை இல்லை. அண்ணையின் மனைவி, மலர் இருவரின் ரத்தத்தையும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, டொக்டரின் நண்பர் ஒருவரிடம் கொடுத்துக் கொழும்பு ரயிலில் அனுப்பினோம். முடிவு வரும்வரை பால் கொடுக்க வேண்டாம் என்றார் டொக்டர். ஆறு கிழமை மலர் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தாள். தன் பாலைப் பீய்ச்சி வாழையடியில் ஊற்றினாள்.

பெறுபேறு வந்ததும் சைக்கிளில் கோப்பாய்க்குப் போனேன். இருவருக்கும் இல்லை என்றேன். மலர் கடுதாசியை வாங்கவுமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்க உள்ளே போய்விட்டாள். அண்ணைக்கு அப்போது இன்னும் ஒரு மாதம்தான் மிச்சமிருந்தது. கட்டிலில் கிடந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அப்ப, உது என்னோடை முடிஞ்சுது."

என் முப்பது வருட வேலையில் பெறுபேற்றை வாசிக்காமலே நம்பியவள் மலர் ஒருத்திதான். மற்ற எல்லாரும் எதற்கும் வேறிடத்திலும் ஒருக்கால் பார்ப்பம் என்றுதான் போனார்கள்.