இறந்தவர்களுக்குப் பாட்டெழுதிய செல்லபாய்

பாறசாலைக்குக் கிழக்கே, காரக்கோணம் போகும் பாதையில் இருந்த மிஷன் பெண்பள்ளியில் செல்லபாய் வாத்திச்சியாக இருந்தாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நேரம் கிட்டல்ல" என்பாள். நேரமெல்லாம் பாட்டுக்குத்தான் போனது. அந்தக் காலத்தில் ஓரளவு வசதியான வீட்டில் சாவு விழுந்தால் சரமகவி எழுதுவிப்பார்கள். இறந்தவரைப் புகழ்ந்து நாலைந்து செய்யுள் எழுதி, ஒற்றைத் தாளில் அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். செல்லபாய்க்கு யாப்பு கைவந்திருந்தது. எதுகைக்காக அவள் கூரையைப் பார்த்து உட்கார்ந்ததே இல்லை.

கொல்லம் ஆண்டு 1088-இல் கருப்பட்டி வியாபாரி பொன்னுதாஸ் காய்ச்சலில் இறந்தார். அவர் வீட்டு ஜெபக்கூட்டத்தில் செல்லபாய் தன் கவியை எழுந்து நின்று வாசித்தாள்.

"ஞானச் சுடரே, நற்குணக் குன்றே,
வானம் புகுந்தாய், வாடினோம் யாமே..."

வாசித்து முடித்ததும் பொன்னுதாஸின் மனைவி புஷ்பபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"இது ஆரப் பற்றியாக்கும் மக்கா?"

"மாமாவப் பற்றித்தான்."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்க மாப்பிளைய இதில காணல்ல."

குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. கையை விட்டுப் போன ஒன்றைத் தேடுகிறவளைப் போலத்தான் கேட்டாள். செல்லபாய்க்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அழவில்லை. மறுநாள் பள்ளிவிட்டதும் நேரே அந்த வீட்டுக்கே போய் அடுக்களையில் உட்கார்ந்தாள்.

"மாமி, அவரு எப்பிடி இருப்பாருன்னு சொல்லுங்க. நல்லது மட்டும் வேண்டாம்."

புஷ்பபாய் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே பேசினாள். பேசப்பேசச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து புதுக்கவி பிறந்தது.

"கஞ்சிக்கு உப்பில்லை என்பார்,
கலம்வழித்து உண்ட பின்னே..."

அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது வீடே சிரித்தது. பிறகு வீடே அழுதது. சபை உபதேசியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"சாவு வீட்டுப் பாட்டில கஞ்சியா?" என்றார்.

"கஞ்சி குடிச்சவருதானே உபதேசியாரே செத்தது" என்றாள் செல்லபாய்.

அதன் பிறகு அவள் எழுதும் முறையே மாறிவிட்டது. முதலில் போய்க் கேட்பாள். கேட்டதில் முக்கால்வாசியைத் தள்ளுவாள். எந்த ஊருக்கும் எந்த ஆளுக்கும் பொருந்துகிற சொல் வந்து விழுந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுவாள். நெய்யாற்றின்கரை வரை பெயர் பரவியது.

தாலுகாக் கச்சேரியில் குமஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற நீலகண்ட பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நின்றார். சைவ வேளாளர், ஏராளமான நிலம், எல்லோரோடும் வரப்புத் தகராறு.

"நான் இருக்கும்போதே எனக்கு ஒண்ணு எழுதி வை. 'தர்மப்பிரபு'ன்னு தொடங்கணும்."

"எழுதலாம் பிள்ளைவாள். ஆருக்கு என்ன தருமம் செய்திய, அத மட்டும் சொல்லுங்க."

பிள்ளை குடையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"அது செய்யுளுக்கு எதுக்கு?"

"செய்யுளுக்கு அதுதான் வேணும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து அவர் இறந்தார். கருமாதிக்கு முன்பே அவர் மனைவி ஆனந்தவல்லி செல்லபாயைத் தேடி வந்தாள். கிறிஸ்தவப் பெண்ணிடம் போவதா என்று வீட்டில் எதிர்ப்பு இருந்தும் வந்திருந்தாள்.

"அவருக்கு ஒரு பாட்டு வேணும். ஆனா நல்லதாச் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல்ல. எப்பவும் ஏச்சுத்தான்."

"இப்ப வீடு எப்பிடி இருக்கு?"

"ஒச்சையில்ல, ஒரு சத்தமும் கேக்கல்ல" என்றாள் ஆனந்தவல்லி. "காலையில எனக்கு எழும்பத் தோணல்ல."

செல்லபாய்க்கு அது போதுமானதாக இருந்தது. புகழாமல், இகழாமல் எழுதிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"அதட்டும் குரலைக் கேட்டே
அடங்கிய வீடு இன்று
எதற்கும் அதட்டல் இன்றி
எழும்பவும் மறந்த தையோ."

ஆனந்தவல்லி இரண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அந்த 'ஐயோ' வேண்டாம். நான் ஐயோன்னு சொல்லல்ல."

செல்லபாய்க்குச் சுருக்கென்றது. அடி நிரம்புவதற்காக வைத்த சொல் அது. வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைசி அடியோடு ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டி, "எழும்பிட மறந்து தூங்கும்" என்று மாற்றினாள். ஐயோ போனதும் துக்கம் கூடியிருப்பதை அவளே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

தாள் அச்சுக்குப் போகும் முன், செல்லபாய் திருத்திய பாட்டை ஆனந்தவல்லியிடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளையின் தம்பி பரமசிவன் வந்தார். "பாட்டு இருக்கட்டும். கீழ ஒனக்க பேரு வேண்டாம். 'ஓர் அன்பர்'னு போடலாம்."

"நான் அவருக்கு அன்பர் இல்லியே" என்றாள் செல்லபாய். "எழுதினது நானாக்கும். பேரு வேண்டாமெங்கி பாட்டும் வேண்டாம்."

பரமசிவன் அண்ணியைப் பார்த்தார். ஆனந்தவல்லி அவரைப் பார்க்கவில்லை. "பேரப் போட்டுக்குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கருமாதியன்று கையில் கிடைத்த தாளைத் தமிழும் மலையாளமும் பேசும் ஒரு கூட்டம் பந்தலில் நின்று வாசித்தது. பாதிப் பேர் பிள்ளையோடு வரப்புக்கு மல்லுக்கு நின்றவர்கள். ஒருவரும் தாளைக் கீழே போடவில்லை. செல்லபாய் வேலிக்கு வெளியே சற்று நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு மணியடிக்கும் முன் நடையைக் கட்டினாள்.