இறுகிப்போன சால்வை

அந்த வகுப்பில் பாடம் எடுத்தவர் பட்டாசுக் கம்பெனி முதலாளியம்மா. என் அம்மாவும் அவளோடு வெடிச்சரம் பின்னும் பெண்கள் பத்துப் பேரும் இருந்தார்கள். எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் இல்லாதது குளிர் ஒன்றுதான். ஆனாலும் அங்கே சொல்லிக்கொடுத்தது கம்பளிச் சால்வை.

நேற்று என் மனைவி கைபேசியைப் பார்த்துக் கொக்கியால் சால்வை பின்னப் பழகினாள். புதுக் கம்பளியின் வாசம் வந்ததும் எனக்கு வகுப்பு நடந்த அந்தக் கம்பெனி ஷெட் நினைவுக்கு வந்தது. மழைக்குக் கம்பெனி மூடியிருந்த வாரம் அது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"இது கைவந்துட்டா ஊட்டியில இருந்து ஆர்டர் வருமாம். வெடி வேலைக்கே போகவேண்டாம்லே," என்று சொல்லிக்கொண்டே, உலை கொதிக்கும்போதும் அம்மா பின்னினாள்.

கடைசி நாள் முதலாளியம்மா அம்மாவின் சால்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பலகை போல விறைத்து நின்றது.

"ஏம்மா, இது சால்வையா, கால்மிதியா?"

"சரம் தொளதொளன்னு இருந்தா உங்க வீட்டய்யா கூலியப் பிடிப்பாக, தாயி. இறுக்கியே பழகுன கை."

அவர் சிரித்தார். தளர்த்திப் பின்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது நேற்றுத்தான் புரிந்தது. என் மனைவியின் கைபேசி அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டது.

ஏழைப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வள்ளல் என்று கூட்டம் போட்டு, கடையில் வாங்கிய சால்வையை அவருக்குப் போர்த்தினார்கள். ஊட்டி ஆர்டர் வரவே இல்லை. அம்மா சரத்துக்கே திரும்பினாள். இலவச வகுப்பின் நூலுக்கென்று அவளுடைய முதல் வாரக் கூலியில் கம்பெனி பிடித்தது நூற்றெண்பது ரூபாய்.